இரண்டு நட்சத்திர வாத்தியார்

"மிஸ், உங்க மைக் ஆன்ல இருக்கு."

"தெரியும் உஸ்தாத். சந்தேகம் கேக்கத்தான் ஆன் பண்ணினேன்."

"நீங்க கேக்கறது எங்களுக்குக் கேக்கல. கூசா அடிப்பிடிக்குதுன்னு யாரோ கத்தறதுதான் கேக்குது."

"அது எங்க அண்ணி."

"அப்ப முதல்ல போய் அடுப்பை அணைச்சிட்டு வாங்க மிஸ். நாங்க காத்திருக்கோம்."

என் நாத்தனார் ஹியாமும் உஸ்தாத் அவ்வாதும், அதாவது அவ்வாத் வாத்தியாரும், முதன்முதலில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். கத்திய அண்ணி நான்தான். அன்று எங்கள் ஸல்த் நகரத்து ஆசிரியர்கள் பாதிப் பேர், அரிசியும் கறியும் அடைத்த எங்கள் கூசா என்கிற சின்னச் சுரைக்காய்கள் காப்பாற்றப்படும்வரை திரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஹியாம் திரும்பி வந்து, "அணைச்சாச்சு" என்றாள். "பிழைச்சுதா?" என்று கேட்டார் அவ்வாத். "மேல் வரிசை பிழைச்சுது" என்றாள் இவள். பயிற்சி நடத்திய அம்மாள் இருமினார். பாடம் தொடர்ந்தது.

அந்த வருடம் ஆன்லைன் பயிற்சியை முடிக்காத ஆசிரியருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரே திரை முன்னால் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். நான் மழலையர் பள்ளி ஆசிரியை. என் போன் மிளகு டப்பாவில் சாய்ந்தபடி பாடம் நடத்தும், நான் கத்திரிக்காய் வறுப்பேன். அரை மணிக்கு ஒருதரம் பாடம் நின்று, 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று தளம் கேட்கும். அந்தப் பக்கம் யார் போகிறார்களோ அவர்கள் 'இருக்கிறேன்' என்று அழுத்திவிட வேண்டும். டயர் கடை வைத்திருக்கும் என் கணவர் முஹன்னத் எனக்காக அழுத்திய அழுத்தலுக்குச் சான்றிதழில் பாதி அவர் பெயருக்கு வந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் உண்மையாகப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஹியாம். பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். இன்னொருவர் என் மாமனார். குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருக்கும் பயிற்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு, மகளுடைய பாடங்களை ஒன்று விடாமல் கேட்டார். ஒரு மாதத்தில் எங்கள் சாப்பாட்டு மேஜை வகுப்பறை ஆகிவிட்டது. சோற்றில் உப்பு குறைந்தால் முன்பெல்லாம் முகத்தைச் சுளிப்பார். இப்போது, "ருதைனா, முதல்ல நல்லதைச் சொல்றேன், அப்புறம் திருத்தத்தைச் சொல்றேன். கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு" என்று ஆரம்பிப்பார். எனக்கு அந்த முகச்சுளிப்பே தேவலை என்று இருந்தது.

பயிற்சியில் ஆசிரியர்களை நாலு நாலு பேராகக் குழு பிரித்தது கணினி. ஹியாம் இருந்தது ஒன்பதாம் குழு. அதில் ஒரு ஆசிரியை பிரசவத்துக்குப் போய்விட்டார். இன்னொரு ஆசிரியர் யார் எதை எழுதினாலும், 'மிகப் பயனுள்ள பகிர்வு, நன்றி' என்று ஒரே வரியைப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர். ஒரு முறை, 'நாளை விடுமுறை' என்று எழுதியதற்கும் அதையே போட்டார். மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஹியாம், இன்னொருவர் ஆண்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் அவ்வாத். எங்கள் ஊரில் ஆண்கள் பள்ளி ஒரு மலையில், பெண்கள் பள்ளி எதிர் மலையில். வரன் பார்த்துக் கொடுக்கும் பெண்கள் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கும் தோன்றாத ஜோடி கணினிக்குத் தோன்றியது.

ஹியாமுக்கு முப்பத்து நாலு வயது. கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஒருத்தன் வேலையை விடச் சொன்னான். இன்னொருத்தன் எங்கள் ஆலிவ் தோட்டத்தின் எல்லை எதுவரை என்பதைத்தான் அதிகம் கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். மாமனாரும் சரி என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இப்படி இருக்கும்போது அந்த நட்சத்திர விவகாரம் வந்தது.

ஒவ்வொருவரும் தாங்கள் நடத்தும் பாடத்தை வீடியோ எடுத்துப் போட வேண்டும். குழுவில் மற்றவர்கள் பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை நட்சத்திரம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எல்லாரும் எல்லாருக்கும் ஐந்து. வீடியோவைத் திறக்கக்கூடத் தேவையில்லை. நாளைக்கு ஒரு கல்யாணத்தில், நாளன்றைக்கு ஒரு துக்க வீட்டில் அதே முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் என் குழுவில் எல்லாருக்கும் ஐந்து கொடுத்தேன். ஒருவர் பாடத்துக்குப் பதிலாகத் தன் தங்கை நிச்சயதார்த்த வீடியோவைத் தவறுதலாகப் போட்டிருந்தார். அவருக்கும் ஐந்துதான்.

ஹியாம் அவ்வாதுக்கு இரண்டு கொடுத்தாள்.

கீழே காரணமும் எழுதினாள். 'உஸ்தாத் கரும்பலகைக்குப் பாடம் நடத்துகிறார். கரும்பலகைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் பேனா மூடியைத் தின்றுகொண்டிருக்கிறான். அவனை யாரும் பார்க்கவில்லை.'

மறுநாளே தலைமை ஆசிரியை போன் செய்துவிட்டார். "ஏன் ஹியாம், அந்த மனுஷன் உனக்கு என்ன பாவம் பண்ணினார்? அவங்க சித்தியும் நானும் ஒரே தெரு. நான் எப்படி அந்தப் பக்கம் போவேன்?"

"வேற தெரு வழியா போங்க மிஸ்" என்றாள் இவள்.

இரண்டு நாள் அவ்வாதிடமிருந்து சத்தமே இல்லை. ஹியாம் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருந்தாள். ஆனால் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு, அதைக் குடித்தும் முடித்தாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'மிஸ் ஹியாம், எனக்கு ஐந்து கொடுத்தவர் என் வீடியோவைப் பார்க்கவில்லை. நீங்கள் கடைசிவரை பார்த்திருக்கிறீர்கள். நன்றி. பேனா மூடியைத் துப்ப வைத்துவிட்டேன். அடுத்த பாடத்தை வேறு மாதிரி நடத்திப் பார்க்கிறேன்.'

அதற்குக் கீழேயே அந்த மூன்றாம் ஆசிரியர், 'மிகப் பயனுள்ள பகிர்வு, நன்றி' என்று போட்டிருந்தார்.

அடுத்த வீடியோவுக்கு மூன்று கிடைத்தது. அதற்கடுத்ததற்கு மூன்றரை கொடுக்க வழியில்லையே என்று ஹியாம் வருத்தப்பட்டுவிட்டு, நாலு கொடுத்தாள். அவரும் சும்மா இல்லை. இவளுடைய பாடங்களைப் பார்த்து, 'கேள்வி கேட்டதும் நீங்களே பதிலையும் சொல்லிவிடுகிறீர்கள். பிள்ளைகள் யோசிக்க நேரம் கொடுங்கள். நான் வாயில் பதிலோடு காத்திருந்து ஏமாந்தேன்' என்று எழுதினார். கருத்துப் பெட்டி நீண்டுகொண்டே போனது. பாடம் முடிந்து, மழை முடிந்து, அவர் அம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் வந்துவிட்டது. எல்லாம் 'கற்பித்தல் முறைகள்' என்ற தலைப்பின் கீழ்தான்.

ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "ஏன்டி, அவர் இப்ப நல்லாத்தானே நடத்தறார்? போன வாரம் அந்தப் பசங்க எழுந்து கை தட்டினாங்களே. இன்னும் ஏன் அஞ்சு குடுக்க மாட்டேங்கற?"

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "அஞ்சு குடுத்துட்டா அடுத்த வீடியோ போட வேண்டியதில்லையே அண்ணி."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்த பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

கடைசி வேலையாகக் குழுவுக்கு ஒரு கூட்டுப் பாடம் செய்யச் சொன்னார்கள். கணக்கும் புவியியலும் சேர்ந்து என்ன செய்வது? இரண்டு பள்ளிக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தாக்கின் அகலத்தை, இறங்காமலே அளப்பது என்று முடிவு செய்தார்கள். இந்த மலை மொட்டை மாடியில் பெண் பிள்ளைகள், அந்த மலை மொட்டை மாடியில் பையன்கள். கயிறும் கோணமானியும் வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க அளந்தார்கள். ஹியாம் சிவப்புத் துணியைக் கொடி மாதிரி பிடித்து நின்றாள். அவர் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார். கோணம் சரியாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்றாள் என்னிடம். "எல்லாம் அளந்து முடிச்ச பிறகும் ஆட்டினாராமே?" என்றேன். தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

பயிற்சியின் கடைசி வாரம் வந்தது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"வியாழக்கிழமை தளத்தை மூடிருவாங்க அண்ணி. அப்புறம் எதைச் சாக்கு வெச்சுப் பேசறது?"

"போன் நம்பர் இருக்குல்ல?"

"இருக்கு. நானா கூப்பிட்டு என்ன சொல்லட்டும்? ஒண்ணும் விசேஷம் இல்ல உஸ்தாத், சும்மா கூப்பிட்டேன்னா?" சமையலுக்கு வைத்திருந்த திராட்சை இலைகளை உதறிப் போட்டாள். "ஒவ்வொரு வீடியோ முடிவிலயும், 'கேள்வி இருந்தா தயங்காம கேளுங்க'ன்னு பசங்ககிட்ட சொல்றார். அவர் மட்டும் அஞ்சு மாசமா ஒண்ணும் கேக்க மாட்டேங்கறார்."

"உனக்கு அவர் கேக்கணுமா?"

"கேக்கணும்." இன்னும் ஒரு இலையை உதறிவிட்டு, "கேக்கலன்னா, ஒரு நல்ல பயிற்சி முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கறேன்" என்றாள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவளைக் கிண்டல் செய்ய எனக்கு எப்போதும் ஏதாவது வாயில் இருக்கும். அன்றைக்கு அவள் கையிலிருந்த இலைகளில் பாதியை வாங்கி நானும் உதறினேன்.

வியாழக்கிழமை மதியம் நாங்கள் சாப்பிடும்போது ஹியாமின் போனில் செய்தி வந்தது. படித்தவள் சோற்றை மறந்தாள். "அவங்க தெருவுல குழி தோண்டறவங்க கேபிளை அறுத்துட்டாங்களாம். நம்ம பாடம் முழுக்க அவர் லேப்டாப்புல இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும். அப்பா அனுமதிச்சா, நம்ம வீட்டுக்கு வந்து ஏத்தலாமான்னு கேக்கறார்."

"அவர் வீட்டுக்குப் பக்கத்துலயே இன்டர்நெட் கடை..." என்று என் கணவர் ஆரம்பித்தார். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். ஒரு கடை இல்லை, அவ்வாத் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் வரிசையாக இருக்கின்றன. முஹன்னத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மாமனாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ரொட்டியை மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, "வரச் சொல்லு. இது பெரிய வேலை. கடையில உக்காந்து செய்யற வேலையா?" என்றார்.

நான் அறைக்குள் போனபோது ஹியாம் நீல உடையில் கண்ணாடி முன்னால் நின்றாள்.

"வீடியோ ஏத்தறதுக்கா இந்த நீலம்?"

"கேமராவுல நல்லா தெரியும் அண்ணி."

"படப்பிடிப்பு போன வாரமே முடிஞ்சுது கண்ணு."

"முதல்ல நல்லதைச் சொல்லணும், அப்புறம்தான் திருத்தம்" என்று தலையணையை எடுத்து என்மேல் எறிந்தாள்.

அவ்வாத் வந்தார். திரையில் பார்த்ததைவிட உயரம். கழுத்தில் டை கட்டியிருந்தார். தாடையில் சவரம் செய்த புதுக் கீறல். ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் ஒரு பெரிய குனாஃபா இனிப்புப் பெட்டி. எங்கள் ஊரில் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை என்பது சரி. ஆனால் அது பத்துப் பேர் சாப்பிடுகிற பெட்டி. என் மாமனாரின் கண் டையைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நான் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

விருந்தினர் அறையில் மாமனார் நடுவில் உட்கார்ந்தார். முஹன்னத் காபிக் குடுவையோடு நின்றார். ஹியாம் அப்பாவுக்குப் பக்கத்தில், முதுகை நேராக வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஏதோ நாட்டின் வரைபடம் தொங்குவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் தட்டோடு நின்றேன். அறைக்குள் வர எனக்குத் தடை ஒன்றும் இல்லை. வாசலிலிருந்து எல்லார் முகமும் தெரிந்தது, அவ்வளவுதான்.

முஹன்னத் சர்க்கரை இல்லாத காபியைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். அவ்வாத் வாங்கினார். மடியில் லேப்டாப், அதிலிருந்து தொங்கும் வயர், வயரில் சிக்கிய டை. கோப்பையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அதை அப்படியே முன்னால் இருந்த மேஜையில் வைத்துவிட்டார்.

எல்லார் கண்ணும் அந்தக் கோப்பைக்குப் போயிற்று.

எங்கள் ஊர்ப் பக்கங்களில் வந்த விருந்தாளி காபியை வாயில் வைக்காமல் கீழே வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன், தருவதாகச் சொன்னால்தான் குடிப்பேன் என்பது அது. பெண் கேட்டு வருகிற பெரியவர்கள் இப்படித்தான் வைப்பார்கள். கொலைப் பகையைத் தீர்க்க வருகிறவர்களும் இப்படித்தான் வைப்பார்கள். கைக்கு இடமில்லாமல் வைத்தவரை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். ஆனால் அவர் கைக்கு இடமில்லாமல்தான் வைத்தாரா என்று அந்த நிமிஷம் யாருக்குத் தெரியும்?

என் மாமனார் தலைத்துணியைச் சரி செய்துகொண்டார். குரலை இறக்கி, "சொல்லுங்க மகனே. என்ன வேணும்னு எங்க வீட்டுக்கு வந்தீங்க?" என்றார்.

அவ்வாத் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"வைஃபை பாஸ்வேர்டு, ஐயா."

என் கணவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஹியாமின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் மாமனார் கம்பீரம் குறையாமல் கையை உயர்த்தினார். "குடுத்தாச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா குடுத்தாச்சு. ருதைனா!"

"'முதலில் வீட்டுப்பாடம்', எல்லாம் சேர்த்து, நடுவுல இடம் விடாம" என்றேன் வாசலிலிருந்து. "எங்க பிள்ளைங்களுக்காக வெச்சது, உஸ்தாத்."

"நல்ல பாஸ்வேர்டு" என்று எழுதினார் அவர். ஒரு விரலால்தான் எழுதினார்.

பாடம் ஏற ஆரம்பித்தது. எங்கள் இணைப்பு அவசரப்படுகிற ஜாதி இல்லை. திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது.

"பிள்ளை தப்பான விடை சொன்னாலும் முழுசாக் கேக்கணும்னு ஆறாவது பாடத்துல அந்த அம்மா சொன்னாங்களே, அது ரொம்ப சரி" என்றார் மாமனார், நேரத்தைப் போக்க.

"நீங்களும் பயிற்சி எடுக்கறீங்களா ஐயா?"

"சோபாவுல" என்றார் அவர் அடக்கமாக.

கோடு முடிவுக்கு வந்தது. ஹியாம் குனிந்து திரையில் வந்ததைப் படித்தாள். "வாழ்த்துகள். ஒன்பதாம் குழுவின் பணி நிறைவடைந்தது. கருத்துப் பெட்டி மூடப்பட்டது." 

"முடிஞ்சுது" என்றார் அவ்வாத்.

"முடிஞ்சுது" என்றாள் இவள்.

அவர் லேப்டாப்பை மூடினார். வயரைச் சுற்றினார். ஒரு தடவை சுற்றியது சரியில்லை என்று பிரித்து மறுபடி சுற்றினார். பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்தார். இனிச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. மரியாதைக்குக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கோப்பையை எடுத்தார். உதட்டருகே கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க!"

சொன்னது ஹியாம். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோனாள்.

"ஆறிப் போயிருக்கும்" என்றாள் அவசரமாக.

"ஆறினா என்ன மகளே? முஹன்னத் வேற ஊத்துவான்" என்றார் மாமனார். ஆனால் முஹன்னத்துக்கு ஊற்றச் சொல்லிக் கை காட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹியாம் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். பிறகு, வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரலில் கேட்டாள். "வந்ததும் கோப்பையைக் கீழ வெச்சீங்களே உஸ்தாத். பாஸ்வேர்டு மட்டும்தான் வேணுமா?"

கேட்டுவிட்டு, பதிலை அவளே சொல்லவில்லை. காத்திருந்தாள்.

அவ்வாத் தன் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். என் மாமனாரின் சரி செய்யப்பட்ட தலைத்துணியைப் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காது நுனி இரண்டும் குங்குமமாயின. இவர் எழுந்து ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். 

அவர் ஓடவில்லை. காபியைக் குடிக்காமல், கோப்பையை மறுபடியும் மேஜையில் வைத்தார். இந்த முறை மெதுவாக, ஒரு சொட்டு சிந்தாமல், சரியாக நடுவில் வைத்தார்.

"முதல் தடவை வெச்சது பாஸ்வேர்டுக்கு" என்றார். "இது வேற."

"சொல்லுங்க" என்றார் மாமனார்.

"முறைப்படி பெரியவங்களைக் கூட்டிட்டு வந்துதான் கேக்கணும் ஐயா. வருவாங்க. சொன்னா நாளைக்கே எல்லாரும் வருவாங்க. எங்க சித்தப்பா ஒரு மாசமா கோட்டை இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்கார்." தொண்டையைச் செருமினார். "நான்தான் நிறுத்தி வெச்சேன். பயிற்சி நடக்கும்போது கேட்டா, மாட்டேன்னு சொல்ல நினைச்சாலும் மிஸ்ஸுக்குச் சங்கடமா இருக்கும். மாட்டேன்னு சொல்லிட்டு அதே குழுவுல தினமும் என் மூஞ்சியைப் பாக்கணுமே. முடியட்டும், அப்புறம் கேக்கலாம்னு இருந்தேன்."

"எத்தனை நாளா?" என்றார் என் கணவர். அவரால் சும்மா இருக்க முடியாது.

"மைக் ஆன்ல இருந்த அன்னியிலேருந்து."

ஹியாம் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, என் மாமனார் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி நேராக உட்கார்ந்தார்.

"ஐயா, ஹியாமை எனக்குக் கட்டிக் குடுங்க."